ஐந்தங்குலத் தொலைநோக்கியும் அன்னத்தின் 61ஆம் விண்மீனும்: மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

புதிதாகத் தொலைநோக்கி வாங்கியவர்கள் எழுதும் மதிப்புரைகளில் நிலவின் பள்ளங்களும் சனியின் வளையமும் தவறாமல் இடம்பெறுகின்றன. அவை இரண்டும் எந்தக் கருவியிலும் அழகாகத்தான் தெரியும். ஆகவே அவற்றை வைத்து ஒரு கருவியின் தரத்தைச் சொல்வது, பசித்தவனிடம் சோறு எப்படி இருந்தது என்று கேட்பதைப் போன்றதாகும். நான் மதுரையில் என் வீட்டு மொட்டை மாடியில் மூன்றாண்டுகளாகப் பயன்படுத்தி வரும் தொலைநோக்கியை மதிப்பிட வேறோர் உரைகல்லைத் தேர்ந்துகொண்டேன். சிக்னஸ் என்னும் அன்ன மண்டலத்தில் 61 என்ற எண்ணை மட்டும் பெயராகக் கொண்ட, ஆரஞ்சு நிறமுள்ள, நகர வானத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு விண்மீன்தான் அது. அதைத் தேடிப் பிடிப்பதும், பிடித்தபின் அசையாமல் பார்ப்பதும், பல ஆண்டுகள் விடாமல் பின்தொடர்வதும் ஒரு கருவியின் நல்லது கெட்டது அனைத்தையும் வெளியே கொண்டுவந்துவிடும்.

கருவியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இது நியூட்டன் வகை எதிரொளிப்புத் தொலைநோக்கி. முதன்மை ஆடியின் விட்டம் 130 மில்லிமீட்டர், அதாவது ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல். குவியத் தூரம் 900 மில்லிமீட்டர். அலுமினிய முக்காலி, அதன் மேல் எதிர்எடையுடன் கூடிய ஈக்வட்டோரியல் மவுண்ட் என்னும் சுழல் தாங்கி, 25 மி.மீ., 10 மி.மீ. அளவுகளில் இரண்டு ஐபீஸ்கள் (கண்ணருகு வில்லைகள்), பெருக்கத்தைக் கூட்டும் ஒரு பார்லோ லென்ஸ், குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் ஒரு ஃபைண்டர் ஆகியவை பெட்டியில் வந்தன. நிறுவனத்தின் பெயரை நான் எழுதாததற்குக் காரணம் உண்டு. இதே அளவுள்ள குழாயும் இதே மவுண்டும் வெவ்வேறு நிறங்களில், வெவ்வேறு பெயர்களில், பல நிறுவனங்களால் விற்கப்படுகின்றன. ஆகவே நான் சொல்லப்போகும் குறைகளும் நிறைகளும் ஒரு பெயருக்கு உரியவை அல்ல, இந்த அமைப்புக்கே உரியவை.

இனி அந்த விண்மீனுக்கு வருகிறேன். 61 சிக்னி என்பது உண்மையில் ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு விண்மீன்கள். நம்மிடமிருந்து 11.4 ஒளியாண்டுத் தொலைவில், அதாவது சூரியனுக்கு அடுத்தடுத்த தெருவில் என்று சொல்லத்தக்க அண்மையில், அவை இருக்கின்றன. ஆயினும் பெரியதன் பொலிவு எண் 5.2, சிறியதன் பொலிவு எண் 6.0 என்ற அளவில்தான் உள்ளன. இந்த எண் கூடக் கூட விண்மீன் மங்கலாகும் என்பதை அறிந்தவர்களுக்கு, இது நகரவாசியின் கண்ணுக்கு எட்டாத மங்கல் என்பது புரியும். அண்டை வீட்டுக்காரர் இத்தனை மங்கலாக இருப்பதற்குக் காரணம் அவற்றின் இயல்பே. இரண்டும் சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த விண்மீன்கள். பெரியதன் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 4,400 கெல்வின், சிறியதற்கு 4,000 அளவில். சூரியன் வீசும் ஒளியில் பெரியது ஏழில் ஒரு பங்கையும், சிறியது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதையுமே வெளியிடுகின்றன. நம் சூரியனைக் கொண்டுபோய் அதே தொலைவில் வைத்தால் அது 2.5 என்ற பொலிவு எண்ணுடன் நகர வானத்திலும் கண்ணுக்குத் தெரியும். இதற்கு நேர்மாறாக, அதே மண்டலத்தில் அன்னத்தின் வாலாக ஒளிரும் டெனெப் ஆயிரம் ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருந்துகொண்டு முதல்தர விண்மீனாகக் காட்சி தருகிறது.

தேடும் வேலையில்தான் கருவியின் முதற்குறை தெரிந்தது. சிவப்புப் புள்ளி ஃபைண்டர் பொருளைப் பெரிதாக்கிக் காட்டாது. நாம் கண்ணால் காணும் விண்மீனின் மேல் ஒரு சிவப்புப் புள்ளியை வைத்துக் குறிபார்க்க உதவுவதே அதன் வேலை. கண்ணுக்கே தெரியாத விண்மீனின் மேல் புள்ளியை எப்படி வைப்பது? மேலும் என்னிடம் வந்த ஃபைண்டரில் புள்ளியின் வெளிச்சத்தை ஓரளவுக்குக் கீழ் குறைக்க முடியவில்லை. அதன் பிரகாசமே சுற்றியுள்ள மங்கல் விண்மீன்களை விழுங்கிவிடுகிறது. முதல் இரண்டு மாதங்களில் எத்தனையோ இரவுகள் அன்னத்தின் இறக்கைக்கடியில் குழாயை இங்குமங்கும் ஆட்டிவிட்டு, எதைப் பார்த்தேன் என்றே தெரியாமல் கீழே இறங்கி வந்திருக்கிறேன். பின்னர் ஆறு மடங்கு பெரிதாக்கும், 30 மி.மீ. வில்லை கொண்ட சிறிய ஃபைண்டர் ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்தினேன். பெட்டியோடு வரவேண்டியது இதுதான். நகரத்தில் இருந்துகொண்டு இந்த வகைத் தொலைநோக்கி வாங்குபவர்கள் இந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

ஃபைண்டர் சரியானதும் வழி எளிதாகிவிட்டது. அன்னத்தின் வாலில் டெனெப், மார்பில் சாடர், தெற்கு இறக்கையில் எப்சிலான் ஆகிய மூன்றும் மதுரை வானத்திலும் கண்ணுக்குத் தெரிகின்றன. இம்மூன்றையும் மூன்று மூலைகளாக வைத்து ஓர் இணைகரத்தை மனத்தில் வரைந்தால், சாடருக்கு எதிரே அமையும் நான்காவது மூலையில் ஏறத்தாழ அச்சொட்டாக 61 சிக்னி இருக்கிறது. பள்ளி வடிவியல் வானத்தில் இத்தனை நேர்மையாகப் பயன்பட்ட இன்னொரு இடத்தை நான் கண்டதில்லை. அந்த மூலையை ஃபைண்டரில் கொண்டுவந்தால், டாவ் சிக்னி என்ற சற்றுப் பிரகாசமான விண்மீனுக்கு இரண்டு பாகைக்கும் குறைவான தொலைவில் நம் விண்மீன் தென்படும். செப்டம்பர் கடைசி வாரத்தில் இரவு ஒன்பது மணியளவில் அது வடக்கே ஏறத்தாழ 61 பாகை உயரத்தில் நிற்கும். அந்த மாதம் நமக்கு மேகங்களின் மாதம் என்பது வேறு விஷயம். வானம் தெளிந்திருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பார்க்க விரும்புபவர் விடியற்காலை நாலரை மணிக்கு எழ வேண்டும்.

25 மி.மீ. ஐபீஸில் 36 மடங்கு பெரிதாகத் தெரியும்போது அந்த இணை எந்தச் சந்தேகமும் இன்றிப் பிரிகிறது. இரண்டுக்கும் இடையே இப்போது ஏறத்தாழ 32 விகலை (ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கே விகலை) இடைவெளி உள்ளது. 36 மடங்கு பெருக்கத்தில் அது வெறுங்கண்ணுக்கு முழுநிலவின் குறுக்களவில் பாதிக்கும் சற்று மேலான அளவாகத் தோன்றும். உண்மையில் இதைப் பிரித்துப் பார்க்கத் தொலைநோக்கியே தேவையில்லை. 10x50 பைனாகுலரை மாடிச் சுவரில் ஊன்றி அசையாமல் பிடித்தாலே போதும். ஆனால் நிறம் என்று வரும்போது ஆடியின் பரப்பு உதவுகிறது. இரண்டும் ஒரே குடும்பத்து ஆரஞ்சு நிறத்தில், சிறியது ஒரு சாயல் கூடுதல் சிவப்பாக, அடுப்பில் பூத்துக் கிடக்கும் இரண்டு கங்குகளைப் போல் நிற்கின்றன. விருந்தினருக்கு இதைக் காட்டினால் பெரும்பாலோர் 'இவ்வளவுதானா' என்கிறார்கள் என்பதையும் நான் மறைக்கக் கூடாது. அதே மண்டலத்தில் அன்னத்தின் அலகாக உள்ள அல்பிரியோ, ஏறத்தாழ இதே இடைவெளியில் பொன்னிறமும் நீலமுமாக இரு விண்மீன்களைக் காட்டிக் கைதட்டல் வாங்கிவிடுகிறது. 61 சிக்னியின் சிறப்பு கண்ணுக்குத் தெரிவதில் பாதி, தெரிந்துகொண்டு பார்ப்பதில் பாதி.

ஒளியியல் தரத்தில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. கூரியரில் வந்தபோது ஆடிகள் சற்று விலகியிருந்தன. அதனால் முதல் வாரத்தில் விண்மீன்கள் வால்முளைத்த புள்ளிகளாகத் தெரிந்தன. ஒரு பிரகாசமான விண்மீனைக் குவியத்திலிருந்து விலக்கி, அப்போது தோன்றும் வளையங்கள் ஒரே மையத்தில் அமையும் வரை பின்புறத் திருகாணிகளைச் சரிசெய்யும் காலிமேஷன் என்ற வேலையைக் கற்றுக்கொண்ட பிறகு, இந்த ஆடி தன் விலைக்கு மீறியே உழைக்கிறது என்று சொல்லலாம். 10 மி.மீ. ஐபீஸ் மட்டும் விளிம்புகளில் மங்கலாக இருந்தது. அதற்குப் பதிலாக ஒரு பிளாசல் வகை ஐபீஸ் வாங்கிக்கொண்டேன். பார்லோ லென்ஸைப் பற்றி எழுத எதுவுமில்லை. அது பெட்டியிலேயே இருக்கிறது.

இப்போது முக்காலிக்கும் மவுண்டுக்கும் வருகிறேன். என் முறையீடு முழுவதும் இங்கேதான். குவியத்தைச் சரிசெய்யக் குமிழைத் தொட்டால் போதும், படம் ஐந்தாறு நொடிகள் நடுங்குகிறது. இரண்டு விண்மீன்கள் நான்காகி, பின் கோடுகளாகி, மெல்ல மெல்ல மீண்டும் இரண்டாக அமைகின்றன. நீண்ட குழாய் காற்றைப் பாய்மரம்போல் வாங்கிக்கொள்கிறது. முக்காலியின் நடுத்தட்டில் ஒரு தண்ணீர்க் கேனைக் கட்டித் தொங்கவிட்ட பிறகு நடுக்கம் பாதியாகக் குறைந்தது. ஆனால் நடுக்கத்தைவிடப் பெரிய தொல்லை ஒன்று நம் ஊருக்கென்றே இருக்கிறது. ஈக்வட்டோரியல் மவுண்டின் அச்சு வானத்தின் வடதுருவத்தை நோக்கி நிற்க வேண்டும். அப்போதுதான் ஒரே ஒரு குமிழைத் திருகிக்கொண்டே விண்மீனைப் பின்தொடர முடியும். கையேட்டில் உள்ள படங்கள் எல்லாம் துருவ விண்மீன் பாதி வானத்தில் நிற்கும் நாடுகளுக்காக வரையப்பட்டவை. மதுரையில் அது அடிவானத்திலிருந்து பத்துப் பாகை உயரத்தில், பக்கத்துத் தெருத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், புழுதியில் மங்கிக் கிடக்கிறது. அதற்கேற்ப அச்சைக் கிட்டத்தட்டப் படுக்கை வசமாகத் தாழ்த்தியபோது, மவுண்டின் தலை வடக்கே சரிந்து முக்காலியே கவிழப் பார்த்தது. விண்மீன் கிழக்கிலோ மேற்கிலோ தாழ்வாக நிற்கும் வேளைகளில் எதிர்எடைத் தண்டு கீழ்நோக்கித் தொங்கி, எடை முக்காலியின் வடக்குக் காலில் போய் முட்டியது. அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தலையைத் திருப்பி, வடக்கில் ஒரு கால் வருவதற்குப் பதிலாக இரண்டு கால்களுக்கு நடுவிலான இடைவெளி வருமாறு வைத்தபோதுதான் எடை காலில் முட்டும் தொல்லை தீர்ந்தது. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இந்த மவுண்டை வாங்குபவர் எவரும் இந்தச் சிக்கலைச் சந்திக்கவே செய்வார்; கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கால்களைப் பற்றி நான் இத்தனை நீட்டிப் பேசுவதற்கு இந்த விண்மீனின் வரலாறே காரணம். இது இரட்டை என்பதை 1753ஆம் ஆண்டு ஆங்கில வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லி கண்டார். பின்னர் இத்தாலியின் பலெர்மோவில் ஜுசெப்பே பியாட்சி, மற்ற விண்மீன்களைவிட மிக வேகமாக இது ஆண்டுதோறும் இடம்பெயர்வதைக் கவனித்து இதற்குப் 'பறக்கும் விண்மீன்' என்று பெயரிட்டார். இத்தனை வேகமாக நகர்வது நமக்கு அருகில் இருந்தாக வேண்டும் என்று எண்ணிய ஜெர்மன் வானியலாளர் பிரெட்ரிக் பெசல், இன்று ரஷ்யாவின் கலினின்கிராடாக இருக்கும் கோனிக்ஸ்பெர்க் நகரில், 1837 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக்கும் மேலாக இதை அளந்தார். பூமி சூரியனின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும்போது இந்த விண்மீன் பின்னணியில் எவ்வளவு இடம் மாறித் தோன்றுகிறது என்பதே அவர் தேடியது. 1838இல் அவர் அறிவித்த இடமாறு தோற்ற அளவு 0.314 விகலை, தொலைவாகச் சொன்னால் ஏறத்தாழ 10.4 ஒளியாண்டுகள். இன்று செயற்கைக்கோள்கள் அளந்து சொல்வது 0.286 விகலை. ஒரு விண்மீனின் தொலைவை மனிதர் நம்பத்தக்க வகையில் அளந்து வெளியிட்டதில் முதற்பெருமை பெசலுக்கே தரப்படுகிறது. அதே ஆண்டுகளில் ஸ்ட்ரூவ என்னும் வானியலாளர் வேகா விண்மீனை அளந்துகொண்டிருந்தார்; ஹென்டர்சன் என்பவர் ஆல்ஃபா சென்டாரி விண்மீனை 1832–33இலேயே அளந்திருந்தும் முடிவை 1839இல்தான் வெளியிட்டார்.

பெசல் பயன்படுத்திய கருவியின் பொருளருகு வில்லை ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் விட்டமே உடையது. என் மொட்டை மாடியில் நிற்கும் ஆடி 13 சென்டிமீட்டர். வேறுபாடு மூன்று சென்டிமீட்டர்தான். வில்லையை நடுவே இரண்டாக அறுத்து, பாதிகளை நுண்ணிய திருகால் ஒன்றையொட்டி ஒன்றாக நகர்த்தி, இரு விண்மீன்களின் பிம்பங்களைப் பொருத்தி இடைவெளியை அளக்கும் ஹீலியோமீட்டர் என்ற அந்தக் கருவியை ஃபிரான்ஹோஃபர் வடிவமைத்தார்; 1826இல் அவர் இறந்துவிட, 1829இல் அது கோனிக்ஸ்பெர்க்கை அடைந்தது. அதன் வலிமை வில்லையின் பருமனில் இல்லை. அசையாத தாங்கியிலும், திருகின் நேர்த்தியிலும், அதைக் கையாண்டவரின் பொறுமையிலும் இருந்தது. எனது கருவி கொள்கையளவில் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய கோணமே 0.9 விகலை, பெசல் தேடியது அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே இடமாறு தோற்றத்தை இந்தத் தொலைநோக்கியில் காணலாம் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் பியாட்சி கண்ட நகர்வை நம்மாலும் காண முடியும். நான் கருவியை மூன்றாண்டுகள் கழித்து மதிப்பிடுவதன் காரணமே அதுதான். 61 சிக்னி ஆண்டுக்கு 5.2 விகலை வடகிழக்காக நகர்கிறது. கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். நிலவின் அகலத்தைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 360 ஆண்டுகள் ஆகும். ஆனால் அளவுகோல் ஐபீஸுக்குள்ளேயே இருக்கிறது: இரண்டு விண்மீன்களுக்கும் இடையிலான இடைவெளி அளவுக்கு அந்த இணை நகர ஆறாண்டுகளே போதும். 2022 செப்டம்பரில், பின்னணியில் தெரிந்த மங்கலான சில விண்மீன்களையும் சேர்த்து ஒரு தாளில் பென்சிலால் படம் வரைந்து வைத்தேன். 2025 அக்டோபரில், இரண்டு மழைகளுக்கு நடுவே கிடைத்த ஒரு தெளிந்த இரவில், அதே ஐபீஸில் மீண்டும் வரைந்தேன். இணை தன் இடைவெளியில் பாதியளவு தள்ளிப் போயிருந்தது. முதற்படத்தில் பின்னணி விண்மீன் ஒன்றுடன் அது அமைத்திருந்த முக்கோணம் இரண்டாவது படத்தில் வேறு வடிவம் கொண்டிருந்தது. இன்னொன்றையும் கவனித்தேன்: அவை ஒன்றன்பின் ஒன்றாகப் போகவில்லை, இரண்டையும் இணைக்கும் கோட்டுக்குக் கிட்டத்தட்டக் குறுக்காக, நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள்போல் பக்கம் பக்கமாக நகர்கின்றன. ஒன்றையொன்று சுற்றிவர அவற்றுக்கு ஆறரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகும் என்பதால் மூன்றாண்டில் அந்தச் சுழற்சியை என்னால் கண்டறிய முடியவில்லை. கைவேலை என்பதால் என் படங்களில் இரண்டு மூன்று விகலை பிழை இருக்கலாம். ஆயினும் விண்மீன்கள் நிலையானவை என்று படித்து வளர்ந்தவனுக்கு, தன் கையால் வரைந்த இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததைக் காண்பது, கொடுத்த இருபத்தோராயிரம் ரூபாய்க்கும் ஈடாகவே இருந்தது.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் குழாயின் இரு முனைகளையும் மூடி, உள்ளே சிலிகா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வைக்கிறேன். ஆடியில் பூஞ்சை பிடிக்கவில்லை. தூசியைத் துடைக்கவே இல்லை. மெல்லிய தூசி படத்தைக் கெடுப்பதைவிடத் துணியால் துடைப்பது ஆடியின் பூச்சை அதிகம் கெடுக்கும். வடக்கு நோக்கிக் குழாயைத் திருப்பும்போது ஐபீஸ் எட்டாத உயரத்திற்கோ அடிப்பக்கத்திற்கோ போய்விடுவது இந்த மவுண்டில் தவிர்க்க இயலாதது. வளையங்களைத் தளர்த்திக் குழாயைச் சுழற்றிக்கொள்ள வேண்டும், இருட்டில் அதை ஒருவராகச் செய்வது எளிதல்ல.

குழாய்க்கும் ஆடிக்கும் ஐந்தில் நாலரை நட்சத்திரம் தருவேன். மவுண்டுக்கும் முக்காலிக்கும் ஒன்றரைக்கு மேல் தர மனம் வரவில்லை. ஒரு குமிழைத் திருகி விண்மீனைப் பின்தொடரும் வசதிக்காகத்தான் ஈக்வட்டோரியல் மவுண்டுக்குக் கூடுதல் விலை தருகிறோம். நம் அட்சரேகையில், இந்தத் தரத்திலான கால்களின் மேல், அந்த வசதி பாதிதான் கிடைக்கிறது. அதே பணத்தில் இதே ஆடியோ இதைவிடச் சற்றுப் பெரியதோ மரப்பெட்டி போன்ற டாப்சோனியன் அடித்தளத்தில் கிடைக்குமானால் யோசிக்காமல் அதையே வாங்கலாம். நான் இப்போது முக்காலியையும் மவுண்டையும் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, டாப்சோனியன் அடித்தளத்தின் அளவுகளை ஒரு தாளில் குறித்து எங்கள் தெருத் தச்சரிடம் கொடுத்திருக்கிறேன். முக்கால் அங்குல ஒட்டுப்பலகையில் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். மார்ச்சில் அன்னம் விடியற்காலை வானத்துக்குத் திரும்புவதற்குள் அது வந்துவிட வேண்டும். 2028இல் வரைய வேண்டிய மூன்றாவது படத்தை அதன் மேலிருந்துதான் வரைவதாக இருக்கிறேன்.